செஞ்சியில் வாள் எங்கே?

"அப்பா, தேசிங்கு ராஜா கட்டானா வச்சிருந்தாரா?"

ராஜகிரி ஏறும் வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த என்னிடம் என் புத்திரன் கேட்ட கேள்வி இது. சுமார் 800 அடி உயர மலை. எனக்கோ பாதி வழியிலேயே நாக்கு தள்ளிவிட்டது. ஜப்பான் கார்ட்டூனிலேயே ஊறியவன் இவன். சாமுராய் வாள் என்றால் மூச்சு விடாமல் பேசுவான்.

"மணல்லேர்ந்து இரும்பு எடுப்பாங்கப்பா. மூணு நாள் ராப்பகலா உலை எரியும். அதுல வர்ற உருக்கை மடிச்சு மடிச்சு அடிப்பாங்க!"

"பரோட்டா மாதிரியா?"

"கிண்டல் பண்ணாதீங்க. பத்து தடவை மடிச்சா ஆயிரத்துச் சொச்சம் அடுக்கு!"

கணக்கு சரிதான். அப்புறம் வாளுக்குக் களிமண் பூசுவார்களாம். முதுகில் கனமாக, கூர்ப்பக்கம் மெல்லிசாக. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால், கூர்ப்பக்கம் சட்டென்று குளிர்ந்து இறுகிவிடும். முதுகு நிதானமாகக் குளிர்ந்து வளைந்து கொடுக்கும். அந்த அழகான வளைவு பிறப்பதே தண்ணீரில்தான்.

"எல்லாம் சரி, நம்ம கத்தி எங்கப்பா? கல்யாண மஹால் இருக்கு, களஞ்சியம் இருக்கு, குதிரை லாயம் இருக்கு. ஒரு கத்தியைக் காணோமே?"

நியாயமான கேள்வி. 1714-ல் ஆற்காடு நவாப் சதாதுல்லா கானின் படையை எதிர்த்து விழுந்தவன் தேசிங்கு. வயது இருபத்திரண்டுதான் என்பார்கள். அவன் குதிரைக்குக்கூடக் கதைப்பாட்டில் இடம் உண்டு. வாளைத்தான் யாரும் விசாரிப்பதில்லை.

நிழலாகப் பார்த்து உட்கார்ந்து, தெரிந்ததைச் சொன்னேன். அந்தக் காலக் குதிரை வீரர் வாள், ஒரு கைக்கானது. கட்டானாவை இரண்டு கையாலும் பிடிப்பார்கள். இங்கே இன்னொரு கைக்குக் கடிவாளம் இருக்கிறதே! கைப்பிடியின் அடியில் ஒரு வட்டத் தட்டு, மணிக்கட்டை அதிகம் ஆடவிடாது. அதனால் குத்துவதைவிட, ஓடுகிற வேகத்தில் இழுத்து அறுப்பதுதான் வித்தை. வளைந்த வாள் சிக்காமல் வழுக்கி வெளியே வந்துவிடும்.

"இரும்பு?"

"அதுல நாம சளைச்சவங்க இல்லடா!"

செஞ்சி இருந்த அதே பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் மேல்சிறுவளூர் என்று ஓர் ஊர். அங்கே பழங்காலத்து உருக்குப் பட்டறையின் மிச்சங்களை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் கண்டறிந்தார். உமி கலந்த மண்ணில் செய்த சின்னக் குடுவை. அதற்குள் இரும்புத் துண்டும் மரச்சில்லும் இலையும் போட்டு, வாயை மண்ணால் அடைத்து, மணிக்கணக்கில் உலையில் வைப்பார்கள். இரும்பு கரியைக் குடித்து உருகி, நிதானமாகக் குளிர்ந்து, கட்டியாகி நிற்கும். மடிக்க வேண்டாம், வாளாக அடித்துத் தேய்த்தால், அலை அலையான ரேகை அதற்குள்ளிருந்தே வரும். தென்னாட்டு உருக்கு அரபு நாடுகள்வரை போயிற்று. மேற்கே 'டமாஸ்கஸ் வாள்' என்று கொண்டாடினார்கள். அதன் ரகசியம் தெரியாமல் லண்டனில் மண்டையை உடைத்துக்கொண்டவர்களில், மின்சார மேதை மைக்கேல் ஃபாரடேயும் ஒருவர்!

"அப்போ இப்ப யாரு செய்றாங்க?"

இங்கேதான் எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. ஜப்பானிலும் 1876-ல் வாள் தரிக்கத் தடை வந்தது. தொழில் நொடித்தது. ஆனாலும் 1977-ல் ஷிமானேயில் பழைய முறை உலையை மறுபடி மூட்டினார்கள். இன்றும் கொல்லர்களுக்கு அங்கிருந்து உருக்கு போகிறது. நமக்கு? தஞ்சை ஆயுதசாலை வாள்கள் எழும்பூர் மியூசியத்தில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. 2025-ல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. சந்தோஷம்தான். கல்லுக்குக் கௌரவம் கிடைத்துவிட்டது. உலை ஊதிய கைகளுக்கு ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை.

இந்தச் சோகத்தில் நான் மூழ்கியிருந்தபோது, ஒரு குரங்கு புளியோதரைப் பொட்டலத்தோடு சுவர் மேல் ஏறிவிட்டது. உருவ எங்களிடம் வாளும் இல்லை!

"அடுத்த லீவுல மேல்சிறுவளூர் போலாமாடா?"

"அங்க என்னப்பா இருக்கு?"

"உடைஞ்ச மண்குடுவை."

கொஞ்சம் யோசித்தான்.

"போலாம்ப்பா. ஆனா புளியோதரையை நான் வச்சுக்கறேன்."