ஏழு குட்டி, இரண்டு காம்பு

ஆடு ஒரே ஈற்றில் ஏழு குட்டி போட்டதை எங்கள் பக்கத்தில் யாரும் மறுக்கவில்லை. பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’ நாவலைப் பேத்தி வாசிக்கக் கேட்ட ஆட்டுக்காரப் பெரியவர் ஒருவருக்கு வந்த சந்தேகம் வேறு. “ஏனுங்க, வெள்ளாட்டுக்குக் காம்பு ரெண்டுதான? ஏழும் எப்பிடி ஊட்டும்? எளைச்ச குட்டிய ஆரு தூக்கி உடுவா?” என்றார். ஆடு நினைக்கிறது, ஆசைப்படுகிறது, பிரிவில் வாடுகிறது என்று பக்கம் பக்கமாக வருகிறதே, அதெல்லாம் பரவாயில்லையா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “அது நெனைக்காம பின்ன?”

வெள்ளகோவிலில் நூல் வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். வீட்டிலிருக்கும் புத்தகங்களைக் கேட்டவர்களுக்குக் கொடுப்பேன். சில திரும்பி வரும், கூடவே அபிப்பிராயமும் வரும். மாயக்கதை, அறிவியல் கதை என்று எதைக் கொடுத்தாலும் இவர்கள் நடக்கவே முடியாததைக் கண்டுகொள்வதில்லை. நடக்கக்கூடிய இடத்தில்தான் விரலை விட்டு நோண்டுகிறார்கள்.

பெரியவரின் ஆடுகள் மேய்வது கொறங்காட்டில். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் வந்தவர்கள் பார்த்திருப்பார்கள்: சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நிழலுக்கு நாலைந்து வெள்வேல மரம். மழை பொய்த்த வருஷம் மரத்திலிருந்து உதிரும் வேலங்காய்தான் ஆட்டுக்குக் கதி. அந்தக் காட்டில் ஐம்பது வருஷம் கோலோடு நின்றவருக்கு, நாவலில் பஞ்சம் வரும் பக்கங்களில் எந்தக் கேள்வியும் எழவில்லை. அந்த இடத்தில் பேத்தியை நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாராம்.

‘பூனாச்சி’ 2016-ல் வந்தது. அதற்கு முந்தைய கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2010-ல் வெளிவந்த ‘மாதொருபாக’னுக்கு 2014 கடைசியில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. புத்தகத்தைக் கொளுத்தினார்கள், கடையடைப்பு வரைக்கும் போனது. 2015 ஜனவரியில், எழுத்தாளன் செத்துவிட்டான் என்று பெருமாள்முருகனே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் மறுபடி வந்தார். வந்தவர் மனிதர்களைக் கொஞ்சம் ஓரமாக நிற்க வைத்துவிட்டு, அசுரர் நாடு ஒன்றையும் ஒரு கறுப்பு வெள்ளாட்டுக் குட்டியையும் எடுத்துக்கொண்டார். அந்த நாட்டில் ஆட்டுக்குக் காது குத்தி அரசாங்கத்தில் பதிந்தாக வேண்டும். அதற்கு வரிசை, வரிசையில் விசாரணை. கறுப்பு ஆடு என்றால் அதிகாரிக்குக் கூடுதல் சந்தேகம்.

ஊர்ப் பெயரும் கோயில் பெயரும் போட்டு எழுதியபோது கொதித்த அதே கொங்கு நாட்டில், அசுரர் நாடு என்று போட்டதும் ஒருவரும் கோபப்பட்டு நான் பார்க்கவில்லை. காது குத்தும் வரிசையைப் படித்துச் சிரித்தார்கள். அப்படிச் சிரித்தவர்கள் வீட்டு மாட்டின் காதில் இன்று பன்னிரண்டு இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை தொங்குகிறது. கற்பனைக் கதையில் ஒளிந்துகொண்டு எழுதலாம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே படித்தவர்கள் எல்லாரும் அது எந்த நாடு என்று முதல் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அசுரர் என்று சொன்னதால் தன்னைச் சொல்கிறான் என்று யாருக்கும் படவில்லை, அவ்வளவுதான்.

மாயத்தை விட்டுவிட்டு நடக்கக்கூடியதை மட்டும் நோண்டும் இந்தப் பழக்கம் புத்தகத்தால் வந்ததாக இருக்க முடியாது. அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாட்டாகக் கேட்டு வளர்ந்த சனம் இது. காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் அறுபதுகளின் நடுவில் தங்கியிருந்தார். 1965-ல் இரவு இரவாகப் பாடிய அந்தக் கதையை டேப்பில் பதிவு செய்தார். பிறகு அதை ஆங்கிலத்தில் புத்தகமாக்கினார், பல வருஷம் கழித்துக் கார்ட்டூன் தொடராகவும் கொண்டுவந்தார். பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி நல்லதங்காள், கொம்பன் என்கிற காட்டுப்பன்றி, செத்த அண்ணன்களைத் தங்கை எழுப்பிப் பேச வைக்கும் படுகளம் என்று அதில் இல்லாத மாயம் கிடையாது. வீரப்பூர் மாசித் திருவிழாவில் படுகளம் நடக்கும்போது ஆட்கள் அருள் வந்து நிஜமாகவே சாய்வார்கள். சின்ன வயதில் நான் கேட்ட பாட்டு ஒன்றில், ஏர் பூட்டும் கட்டத்தைப் பாடகர் வரிசை மாற்றிச் சொல்லிவிட்டார். முன்னால் உட்கார்ந்திருந்த தாத்தா உடனே திருத்தினார். செத்தவர்கள் எழுந்து உட்காரும் கட்டத்தில் அதே தாத்தா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

படத்திலும் அப்படித்தான். அம்புலிமாமாவில் வேதாளத்தைத் தோளில் போட்டு நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த ஓவியர் சங்கர், அதாவது கே. சி. சிவசங்கரன், எங்கள் மாவட்டத்துக் காரத்தொழுவுக்காரர். 1924-ல் பிறந்து 2020-ல் மறைந்தார். அந்த ராஜாவின் தோள் பாரத்துக்குத் தணிந்திருக்கும். மூட்டை தூக்கிப் பழகியவர்கள் அந்தப் படத்தைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

காமிக்ஸ் விஷயத்துக்கு வந்தால் நேரம் போவது தெரியாது. சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதலில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்துச் சரக்கு. மின்சாரம் பாய்ந்தால் கையைத் தவிர உடம்பு முழுக்க மறைந்துவிடும். எங்கள் தலைமுறையில் பாதிப்பேர் பிளக்கில் விரல் வைத்து அடி வாங்கியது இவரால்தான். பிறகு 2012-ல் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் விசைத்தறிக் கொட்டகையெல்லாம் இருட்டாகக் கிடந்ததே, அப்போது தறி ஓட்டும் நண்பர் ஒருவர் பழைய மாயாவி புத்தகத்தை வாங்கிப் போய் மெழுகுவத்தியில் படித்தார். திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்: “இந்தாளு நம்மூருக்கு வந்தா மறையறதுக்கே சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் காத்திருக்கோணும்.” கேலி மாதிரி இருந்தாலும் அவர் கதையை நம்பிவிட்டார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். நம்பாதவனுக்கு அந்தக் கவலை எதற்கு?

அதே நண்பரிடம்தான் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைக் கொடுத்தேன். எண்பதுகளில் விகடனில் தொடராக வந்தது, பிறகு தூர்தர்ஷனிலும் வந்தது. கதை நடப்பதாகச் சொல்லும் காலத்தை நாம் தாண்டி வந்துவிட்டோம். 2021-ல் எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர், பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி, நாட்டை ஆளும் ஜீவா, பேசுகிற நாய் இயந்திரம் ஜீனோ. அவர் படித்தது கொரோனா இரண்டாம் அலை ஊரடங்கில். பக்கத்து ஈரோடு மாவட்டத்துக்கு மாமியார் வீடு போக இ-பாஸ் எடுத்துக்கொண்டிருந்த நேரம். அனுமதி கேட்கும் அத்தியாயங்களைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஜீனோவில்தான் பிடித்துக்கொண்டார்.

இளவயதில் சென்னிமலையில் ஜக்கார்டு தறியில் போர்வை நெய்தவர் அவர். “ஓட்டை போட்ட அட்டையப் பாத்துத் தறி பூப் போடுது. அதுக்கு மூளை இருக்குதுன்னு நாம சொல்றோமா? இந்த நாய்க்கும் அட்டை எங்கியோ இருக்கும்” என்றார். பிரான்சில் ஜக்கார்டு 1804 வாக்கில் கொண்டுவந்த அந்த அட்டையைப் பார்த்துத்தான் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கும் துளையிட்ட அட்டை போதும் என்று திட்டம் போட்டார், கம்ப்யூட்டர் வம்சமே அந்த வழிதான் என்று சொன்னேன். அவருக்கு அது பெரிய ஆச்சரியமாக இல்லை. “அப்பறம் எதுக்கு அந்த நாய் கடைசில பாசமாப் பேசுது? அட்டைல பாசத்துக்கு எங்க ஓட்டை போட்டாங்க?” என்றார். செயற்கை நுண்ணறிவு பற்றி மேடையில் பேசுகிறவர்கள் பலரும் இன்னும் இந்தக் கேள்விக்கு வந்து சேரவில்லை என்பது என் எண்ணம்.

இப்போது எழுதுகிறவர்கள் பக்கம் வருகிறேன். ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுதி இங்கே நன்றாகவே போனது. அதில் மலையும் வைத்தியமும் பறவையும் இருந்ததால் பிடிமானம் கிடைத்தது. அரூ மின்னிதழ் போட்டி வைத்து நிறையப் புதுக்கைகளை எழுத வைத்தது. ஆனாலும் புதிதாக வரும் பல அறிவியல் கதைகளைக் கொடுத்தால் பாதியில் திரும்பி வருகிறது. விண்கலம் புரியவில்லை என்று யாரும் சொல்வதில்லை. அதில் யார் கூட்டுகிறார்கள், ஷிப்டு எட்டு மணி நேரமா பன்னிரண்டா, சம்பளம் வாரமா மாசமா என்று ஒன்றும் இல்லையாம். செவ்வாயில் ஐநூறு பேர் இருக்கிறார்கள், ஒருத்தருக்கும் சொந்தக்காரர் இல்லை, ஒருத்தர் இன்னொருத்தரிடம் என்ன சாதி என்று சுற்றி வளைத்துக்கூடக் கேட்கவில்லை. இதுதான் இவர்களால் நம்ப முடியாத கற்பனை. மண் இல்லாத கிரகத்துக்குப் போவதற்காக ஊரையும் கழற்றி வைத்துவிட்டுப் போகிறார்கள் நம் எழுத்தாளர்கள். ஆங்கிலப் படத்தில் பார்த்த கலத்தையே தமிழில் வர்ணித்தால் வாசகன் படத்தையே பார்த்துவிட்டுப் போகிறான்.

இலக்கியம் படிக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், இதெல்லாம் பிள்ளைகள் படிக்கிற சமாச்சாரம் என்று தொடுவதே இல்லை. இதே வாத்தியார் ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ நாவலை மூன்று தரம் படித்திருக்கிறார். அதுவும் மாய நகரம்தானே சார் என்றால், அது தத்துவம் என்கிறார். சரி என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் ஈரோட்டில் கல்லூரி படிக்கும் பெண் ஒருத்தி சொந்தமாக எழுதிய கதையைக் கொண்டுவந்தாள். 2090-ல் தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகளிலிருந்து கரண்ட் எடுத்து, தரையைத் தொடாமல் மிதந்தபடி நெய்யும் தறிகள். ஞாயிற்றுக்கிழமை தறி நிறுத்தியிருந்த கொட்டகையில் உட்கார்ந்து வாசித்தாள். தறி மிதந்தது பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. தறிக்கார நண்பர்தான் ஆரம்பித்தார்.

“ஏங்கண்ணு, தறி மெதக்குது, சரி. பாவு தீந்தா ஆரு பிணைக்கறாங்க?”

“மெசினுங் மாமா.”

“அப்ப இத்தன நாளா பிணைச்சுக்கிட்டு இருந்த பொம்பளைங்க?”

அவள் நோட்டை மூடிவிட்டாள். முகம் சிவந்துவிட்டது. இரண்டு மாதம் ஆளையே காணோம். மறுபடி வந்தபோது கதையில் பாவு பிணைக்கும் பெண் ஒருத்தி வந்துவிட்டாள், அவளுக்கு முழங்கால் வலி, மகள் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங். மிதக்கும் தறி இரண்டு வரியாகச் சுருங்கிவிட்டது. நண்பர் தலையாட்டிக் கேட்டு முடித்துவிட்டு, “2090-ல கூலி மீட்டருக்கு எவ்வளவு?” என்றார். அதற்கு அவளிடம் பதில் இல்லை. சோமனூரிலும் பல்லடத்திலும் 2022-ல் தறியை நிறுத்திப் போராடியவர்களிடமே இல்லாத பதில் அவளிடம் எப்படி இருக்கும் என்று நான்தான் குறுக்கே புகுந்து காப்பாற்றினேன். எழுதிட்டு வாரேனுங் மாமா என்று நோட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.