வேட்டை நாய்க்குத் தேவை வேலை

கோமுகி அணையைத் தாண்டினால் கல்வராயன் காடு. கச்சிராயபாளையம் பக்கம் சிப்பிப்பாறை, கன்னி நாய்களை ஆசையாக வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மேலைநாடுகளில் வேட்டைக்காலம் முடிந்ததும், சுட்ட பறவையைக் கவ்விவரும் ரெட்ரீவர் நாய்களுக்குப் பொம்மையை வீசிப் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். நமக்கோ 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று வேட்டைக்காலம் என்பதே இல்லை. அதனால் நம் நாய்களுக்கு ஆண்டு முழுவதும் பயிற்சிக்காலம்தான். முயலைத் துரத்தாவிட்டால் இனத்தின் குணம் மழுங்கிவிடும் என்பார்கள். ஆனால் அந்த வேகம் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் வந்தது. அறுவடை முடிந்த வயலில் வெயில் ஏறுமுன் ஓடவிட்டாலே அது நிலைத்திருக்கும். கவ்விவரப் பழக்கிய லாப்ரடார் இன்று காவல்துறையில் மோப்பம் பிடிக்கிறது, பார்வையற்றோருக்கு வழிகாட்டுகிறது. குணம் அழியவில்லை, வேலைதான் மாறியது.

காட்டுப்பன்றி மரவள்ளியையும் மக்காச்சோளத்தையும் அழிக்கிறதே என்ற கேள்வி நியாயமானது. அதற்கு வரப்போரம் நின்று குரைக்கும் காவல் நாய் உதவும். காட்டுக்குள் நாயை ஏவினால் வழக்கு வரும். நாயிடமிருந்து வெறிநோயும் டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோயும் காட்டு விலங்குகளுக்குப் பரவும். ஆகவே குட்டியிலேயே நீளக்கயிறு கட்டி, பெயர் சொன்னதும் திரும்பி வரப் பழக்குங்கள். வந்ததும் தீனி கொடுங்கள். தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.