தோற்றவரின் பாடலே முதலில்

2024 டிசம்பரில் ஒரு ஞாயிறன்று, கிராஅத் போட்டி ஒன்றிற்கு நம் மாணாக்கர் சிலரை அழைத்துச் சென்றிருந்தோம். அவ்வாண்டு முழுவதும் சென்ற இடமெல்லாம் முதற்பரிசு பெற்றுவந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன், இறுதிச் சுற்றில் ஓர் ஆயத்தின் நடுவே தடுமாறி நின்றுவிட்டான். பரிசு வேறொரு மத்ரஸாவுக்குப் போயிற்று. திரும்பும் வழியில் பேருந்தில் நாம் அவனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதட்டவில்லை, அடிக்கவில்லை, ஆயினும் நம் மௌனம் அடியினும் கொடிதாய் இருந்ததை அப்போது உணரவில்லை. அடுத்த இரண்டு நாளும் அவன் ஓத வரவில்லை.

அவ்வாரமே, அமெரிக்காவில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வழக்கமாக மார்க்கச் சட்டங்களை வினவுபவர், அன்று தாம் கண்ட ஒரு பந்தாட்டத்தைப் பற்றிப் பேசினார். ஆடியது அமெரிக்க இராணுவக் கல்லூரி அணி என்றதும் நம் உள்ளத்தில் கசப்பு எழுந்தது. இராக்கின் இடிபாடுகளை நாம் மறக்கவில்லை. அப்படையைப் புகழவும் இங்கு எழுதவில்லை. எனினும், நல்லொழுக்கம் எங்கே தென்பட்டாலும் அதிலிருந்து பாடம் பெறுவது நமக்கு உரியதே.

நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் நதிக்கரையில் 1802-இல் நிறுவப்பட்டது வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரி. அங்கு 1890 முதல் அமெரிக்கக் கால்பந்து ஆடப்படுகிறது. பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே அதில் மிகுதி. மற்றக் கல்லூரிகளின் சிறந்த வீரர்கள் தொழில்முறை ஆட்டத்தின் பெரும்பொருளை நோக்கியிருப்பர். இவர்களோ பட்டம் பெற்றதும் பொதுவாகக் குறைந்தது ஐந்தாண்டுகள் படைப்பணி ஆற்றக் கடமைப்பட்டவர்கள்.

ஜெஃப் மங்கனின் பயிற்சியில் அவ்வணி 2024 பருவத்தின் முதல் ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது. பிரைசன் டெய்லி என்னும் வீரர் அப்பருவத்தில் தாமே ஓடி 32 முறை பந்தை எல்லைக்கோட்டைக் கடக்கச் செய்தார். நவம்பர் 23-இல் நோட்ர டேம் அணியிடம் 49-14 என வீழ்ந்தபோதும் அவர்கள் துவண்டுவிடவில்லை. டிசம்பர் 6-இல் தம் சொந்த மைதானத்தில் டுலேன் அணியை 35-14 என வென்று, தம் வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு கூட்டமைப்பின் பட்டத்தைச் சூடினர்.

எட்டே நாள்கள் கழிந்தன. டிசம்பர் 14-இல் கடற்படைக் கல்லூரியுடன் 125-ஆம் முறையாக மோதினர். ஆண்டு முழுதும் அவர்கள் எதிர்பார்த்திருக்கும் ஆட்டம் அதுவே. அதில் 31-13 எனத் தோற்றனர்.

நம் மாணவர் வியந்து சொன்னது அதற்குப் பின் நடந்ததைத்தான். ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் சேர்ந்து முதலில் தோற்ற கல்லூரியின் மாணவர் திரளை நோக்கி நிற்கின்றனர். அக்கல்லூரியின் பாடல் முதலில் ஒலிக்கிறது. வென்றவர்களும் அருகில் மரியாதையுடன் நிற்கின்றனர். அதன் பின்னரே அனைவரும் வென்றவர் பக்கம் சென்று, அவர்களது பாடலுக்கு நிற்கின்றனர். இரண்டாவதாகப் பாடுவதே அங்கு வெற்றியின் அடையாளம். தோற்றவர் தனித்து விடப்படுவதில்லை.

இதைக் கேட்டதும் அந்தப் பேருந்துப் பயணம் நினைவில் வந்து தைத்தது. தோற்ற சிறுவனுக்குப் பக்கத்து இருக்கையில்தான் அமர்ந்திருந்தோம். ஆயினும் அவனுடன் நாம் இருக்கவில்லை.

நபி (ஸல்) அவர்களின் அள்பா என்னும் ஒட்டகத்தை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒரு நாள் கிராமவாசி ஒருவர் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்கள் மனம் வருந்தினர். அவர்களது வருத்தத்தை அறிந்த நபியவர்கள், இவ்வுலகில் உயர்ந்து நிற்கும் எதையும் தாழச் செய்வது அல்லாஹ்வின் நியதி என உணர்த்தினார்கள். ஒட்டகத்தைக் குறைகூறவில்லை, வென்றவரையும் வெறுக்கவில்லை. புகாரியில் பதிவான இச்செய்தியைப் பல ஆண்டுகளாக வகுப்பில் விளக்கி வந்திருக்கிறோம். விளக்கியவரே அதன்படி நடக்கவில்லை என்பதுதான் வெட்கம்.

அன்று அஸர் தொழுததும் சிறுவனின் வீட்டுக்குச் சென்றோம். கதவுக்குப் பின்னால் நின்றவன், "ஹள்ரத், இனிமேல் தப்பு விடமாட்டேன்" என்றான். அச்சொல் நெஞ்சைப் பிளந்தது. "தவறு செய்தது நாம்தான் வாப்பா, பொறுத்துக்கொள்" என்றோம். அவனது தாயார் தேநீர் கொண்டுவந்தார். தடுமாறிய அதே ஆயத்தை அவனும் நாமும் சேர்ந்து ஓதினோம். மறுநாள் வகுப்பு தொடங்குமுன் அவன் வந்து அமர்ந்திருந்தான்.

அந்த இராணுவக் கல்லூரி அணி டிசம்பர் 28-இல் லூசியானா டெக் அணியை 27-6 என வென்று, பருவத்தைப் 12 வெற்றிகளுடன் முடித்ததெனப் பின்னர் அறிந்தோம். அவர்களின் வரலாற்றில் ஒரு பருவத்தில் கிடைத்த மிக அதிக வெற்றிகள் அவையே.

பெற்றோர்களே, தேர்வு முடிவுகள் வரும் நாளில் உங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்க்குமுன் அவனது முகத்தைப் பாருங்கள். தோற்ற பிள்ளையின் அருகில் நிற்கும் பண்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.