வாடையும் தார்ப்பட்டியும்

மட்டக்களப்பில் நாம் குளிர் என்று சொல்வதைக் கனடாவில் வாழ்பவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். மார்கழியில் வாடைக்காற்று வாவியைக் கடந்து வீசும்போது, கல்லடிப் பாலத்தில் சைக்கிளில் போகிறவர்கள் காதை மூடித் துவாய் கட்டியிருப்பார்கள். வெப்பமானியோ அப்போதும் 23 பாகை செல்சியசுக்குக் கீழே அதிகம் இறங்கியிருக்காது.

ஆனாலும் குளிர் நாட்டுக் கட்டடத் தொழிலாளரின் தலைவலி ஒன்று வேறு வேடத்தில் இங்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பின்புறம் பசையுள்ள தார்ப்பட்டியைத்தான் சொல்கிறேன். ஒருபுறம் அலுமினியத் தாள், மறுபுறம் கரிய பசை, அதன்மேல் உரித்தெடுக்கும் கடதாசி. கூரை சுவரைத் தொடும் மூலையில் மழைநீர் இறங்காதபடி இதை ஒட்டுவார்கள். எங்கள் பக்கத்தில் பெரிய வீட்டின் சுவரோடு ஒரு பத்தி இறக்காத வீடு அரிது. ஒழுக்கு முதலில் வருவதும் பெரும்பாலும் அந்தப் பத்தி சுவரைத் தொடும் இடத்தில்தான்.

என் தங்கையின் மகன் ரொறொன்ரோவில் யன்னல் பொருத்தும் வேலை செய்கிறான். பல சுருள்களின் உறையில் சுமார் 5 பாகைக்குக் கீழே ஒட்ட வேண்டாம் என்று எழுதியிருக்குமாம். தை மாதத்தில் அங்கே பகலிலும் பூச்சியத்துக்குக் கீழேதான். அதனால் சுருள்களை வெளியே விடாமல் சூடான அறையில் வைத்திருந்து, வேண்டியபோது ஒவ்வொன்றாக எடுத்துப் போவார்கள். பலகையில் அடிப்பூச்சுப் பூசி, வெப்பக்காற்று ஊதியால் இளஞ்சூடு காட்டி, ஒட்டியபின் சிறிய உருளையால் அழுத்தித் தேய்ப்பார்கள். குளிரில் பசை விறைத்துவிடும். மேற்பரப்பின் நுண்ணிய குழிகளுக்குள் இளகிப் பரவாது. "கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம்தான் மாமா பெரிய எதிரி. பட்டி பனியில் ஒட்டும், பலகையில் ஒட்டாது" என்றான்.

அந்தக் கடைசி வசனத்தில்தான் நம்முடைய கதையும் இருக்கிறது. அங்கே பனி செய்வதை இங்கே ஈரம் செய்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகையில், இரண்டு மழைக்கு இடைப்பட்ட ஒரு மணி நேரத்தில் மேசன் ஒருவர் எங்கள் பத்தியின் மூலையில் பட்டியை ஒட்டினார். "வெயில் பட்டால் பிடித்துக்கொள்ளும் ஐயா" என்றார். மூன்றாம் நாள் இரவு அது வாழைப்பட்டைபோல் உரிந்து தொங்கியது. அதற்கு நேர் கீழே என் குறிப்பேட்டுப் பெட்டிகள் இரண்டு இருந்தன. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாவலடியிலும் கல்லடியிலும் மக்கள் சொல்லச் சொல்ல எழுதியவை. குமிழ்முனைப் பேனாவில் எழுதியவை தப்பின. மைப்பேனாவில் எழுதிய பக்கங்கள் நீலக் கறைகளாகிவிட்டன. அவற்றில் பேசியவர்கள் சிலர் இன்று உயிரோடு இல்லை; மறுபடி போய்க் கேட்கவும் முடியாது.

அதன்பின் இதைப் பற்றிக் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

நமது ஊரில் பசை விறைப்பதில்லை. கச்சான் காலத்து நண்பகலில் தகரம் கொதிக்கும்போது தார்ப்பசை அளவுக்கு மீறி இளகி, செங்குத்தான சுவரில் வழுக்கவே பார்க்கும். மாரியிலோ சீமெந்துப் பூச்சு பல நாள் ஈரத்தை உள்ளே வைத்திருக்கும். மேலே கை வைத்தால் காய்ந்ததுபோல இருக்கும். அதோடு உப்புக்காற்று, தூசி, பாசி. ஆகவே ஒட்டும் வேலைக்கு உகந்த காலம் ஆவணி, புரட்டாசி. நேரம், பனி உலர்ந்த காலை. சுவரைத் துடைத்து, அடிப்பூச்சுப் பூசி, அது காய்ந்தபின் ஒட்டி, ஓரங்களை மரக்கட்டையாலாவது அழுத்தித் தேய்க்க வேண்டும். பழைய அஸ்பெஸ்டாஸ் கூரையென்றால் கம்பித் தூரிகையால் சுரண்டக் கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுவதே நல்லது. மழையில் அதன்மேல் ஏறவே கூடாது. சீற் வழுக்கும், பழையது மிதித்தால் உடையும்.

இன்னொன்று. பசையை மட்டும் நம்பிய கூரை கூரையல்ல. படுவான்கரையில் கிடுகு வேய்கிறவர்கள் தாழ்வாரத்தில் தொடங்கி முகட்டை நோக்கிப் போவார்கள். மேற்கிடுகு கீழ்க்கிடுகின் தலையை மூடும். ஓட்டுக்கும் அதே முறை. பட்டியையும் கீழிருந்து மேலாகவே ஒட்ட வேண்டும். மேல்விளிம்பைச் சுவரில் வெட்டிய காடிக்குள் செருகிச் சீமெந்தால் மூட வேண்டும். அப்படிச் செய்தால் பசை விட்டுக்கொடுத்தாலும் நீர் வெளியேதான் வழியும். எங்கள் வீட்டில் விளிம்பு வெறுஞ்சுவரில் நின்றது. வழிந்த நீர் அதன் பின்னால் நேரே இறங்கியது. (சூறாவளிக்குப் பட்டி எதுவும் செய்யாது. 1978 நவம்பர் 23 இரவைக் கண்டவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.)

மாரி தொடங்கியபின் ஒழுக்கைக் கண்டவர்கள் ஒட்ட அவசரப்பட வேண்டாம். ஒரு தறப்பாளை முகட்டுக்கு மேலால் மறுபக்கம் வரை போட்டு, இரண்டு பக்கமும் மண்மூட்டை கட்டித் தொங்கவிடுங்கள். அதையும் மழை விட்டுக் கூரை காய்ந்தபின், ஏணியில் நின்று செய்விப்பதே நல்லது. பொங்கல் கழிந்து, நாலைந்து நாள் தொடர்ந்து வெயில் எறித்தபின் மேசனைக் கூப்பிடலாம். அதுவரை கடதாசிப் பெட்டிகளைப் பத்தியிலிருந்து எடுத்து உள்வீட்டில் வையுங்கள்.