வாயுவுக்கும் நானே பொறுப்பு

எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் கைக்குழந்தை வீறிட்டு அழுதால், பெரியவர்கள் குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் அம்மாவைத்தான் பார்ப்பார்கள். "ஏட்டி, என்னத்தத் தின்ன?" என்பது முதல் கேள்வி. உருளைக்கிழங்கா, கடலைப்பருப்பா, பலாப்பழமா? அம்மா தின்றது பாலாகிறது, அந்தப் பால் பிள்ளையின் வயிற்றில் வாயுவாகிறது என்பது கணக்கு. நான் இந்தக் கேள்விக்கு இரண்டரை மாதம் பதில் சொன்னேன். அதில் முக்கால்வாசி நாட்கள் என் மகள் என்னிடம் பால் குடிக்கவே இல்லை. பால் டப்பாவிலிருந்து வந்தது. வாயு மட்டும் நான் தின்ற உருளைக்கிழங்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.

மகள் அறுவைசிகிச்சையில் பிறந்தாள். அதைத் தொடர்ந்து எனக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். அதிக ரத்தம் போன பெண்களுக்குப் பால் சுரப்பது தாமதமாகலாம், குறைவாகவும் இருக்கலாம் என்று மகப்பேறு மருத்துவர் சொன்னார். வீட்டில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, வெந்தயக் கஞ்சி என்று ஒரு நாளைக்கு ஆறு வேளை எனக்கு ஊட்டினார்கள். பிறக்கும்போது 2 கிலோ 700 கிராம் இருந்தவள், பத்தாம் நாள் தராசில் 2 கிலோ 350 கிராம் காட்டினாள். பிறந்த எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் பொறுத்திருக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர் பால் மாவு எழுதிக் கொடுத்தார். முதல் மாதம் முடிவதற்குள் எனக்கு இருந்த கொஞ்சமும் வற்றிப்போனது.

இந்தியாவில் விற்கும் எந்தப் பால் மாவு டப்பாவை எடுத்துப் பார்த்தாலும் அதில் ஓர் அறிவிப்பு இருக்கும், தாய்ப்பாலே உங்கள் குழந்தைக்குச் சிறந்தது என்று. 1992ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்கிறது. டப்பாவில் குழந்தைப் படமோ பெண் படமோ இருக்கக் கூடாது, பால் மாவுக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். அந்தச் சட்டத்தின் பக்கம் நிற்கிறவள் நான். ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு, தையல் போட்ட வயிற்றோடு நின்றுகொண்டு, அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு மூடியைத் திறப்பது என்னவோ போலிருக்கும். கம்பெனிக்காரனைக் கட்டிப்போட எழுதிய வாக்கியம் அது. படிப்பது என்னவோ அம்மாதான்.

மூன்றாவது வாரத்தில் அழுகை தொடங்கியது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் இரவு பத்து, பதினொன்று. முகம் செக்கச்செவேலென்று ஆகும், காலை வயிற்றோடு மடக்கிக்கொள்வாள், வயிறு கல் மாதிரி இருக்கும். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவச் சொன்னார் எதிர்வீட்டு ஆச்சி. வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே இன்னொரு பெயர் உண்டு. உரம் விழுந்திருக்கிறது, சேலையில் போட்டு உருட்ட வேண்டும் என்றார் ஒரு பெரியம்மா. ஓமத்தண்ணீர் ஒரு பாட்டில் வந்தது. கிரைப் வாட்டர் இரண்டு பாட்டில் வந்தது. 1851இல் இங்கிலாந்தில் நாட்டிங்காம் மருந்துக்காரர் வில்லியம் உட்வர்ட் உண்டாக்கிய அந்தத் திரவத்தில் முதலில் சாராயமும் கலந்திருந்தது என்று பிற்பாடு படித்தபோது, அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏன் அமைதியாகத் தூங்கினார்கள் என்று புரிந்தது.

பிறகு டப்பாக்கள் வரத் தொடங்கின. மருந்துக்கடைக்காரர் "இதுன்னா வாயு புடிக்காது சார்" என்று சொல்லி லாக்டோஸ் இல்லாத மாவு ஒன்றை என் கணவரிடம் கொடுத்தனுப்பினார். சென்னையிலிருந்து வந்த மதினி சோயா மாவு கொண்டுவந்தார். அலமாரியில் மூன்று டப்பாக்கள் வரிசையாக நின்றன. அதற்குள் அத்தை, "மாவு கெட்டியா இருக்கு, அதான் செமிக்கல. கூடக் கொஞ்சம் தண்ணி ஊத்து" என்றார். அதை மட்டும் நான் விடவில்லை. தண்ணீர் கூடினால் சத்து குறையும். ரத்தத்தில் உப்பின் அளவு இறங்கிப் பிள்ளைக்கு வலிப்புகூட வரலாம். அளவுக் கரண்டியை நானே கையில் வைத்துக்கொண்டேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதவும் தொடங்கினேன். எத்தனை மணிக்கு எத்தனை மில்லி, எப்போது அழுதாள், எவ்வளவு நேரம், வெளிக்குப் போனது என்ன நிறம். "இது என்ன பால்காரன் கணக்கா?" என்று வீட்டில் சிரித்தார்கள். பால்காரன் கணக்கேதான். எல்லோரும் என் சாப்பாட்டைக் கண்காணித்துக்கொண்டிருந்த வீட்டில், பிள்ளையின் சாப்பாட்டை ஒருவராவது கண்காணிக்க வேண்டியிருந்தது.

நான்காவது பக்கத்திலிருந்தே மலத்தில் சளி என்று எழுதியிருக்கிறேன். ஏழாவது பக்கத்தில், நூல் மாதிரி ரத்தம். குழந்தை மருத்துவர் வேறு யாரிடமும் எதுவும் கேட்காமல் அந்த நோட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். வெறும் வாயு என்றால் டப்பாவை மாற்றவே தேவையில்லை என்றார். பால் புகட்டும் விதத்தைப் பார்த்தால் போதும்: தலை உயர்ந்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்தித் தோளில் போட்டு ஏப்பம் விடவைக்க வேண்டும், கரைக்கும்போது குலுக்கிய நுரை அடங்கிய பிறகு கொடுக்க வேண்டும். ஆனால் ரத்தமும் சளியும் வேறு கதை. மாட்டுப்பாலில் உள்ள புரதம் இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் அலமாரியில் இருந்த டப்பாக்கள் என்னவென்று எனக்கு விளங்கியது. லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. தாய்ப்பாலில் அது மாட்டுப்பாலைவிட அதிகம். பிறவியிலேயே அதைச் செரிக்க முடியாத குழந்தை மிக மிக அபூர்வம். லாக்டோஸை எடுத்துவிட்ட மாவிலும் மாட்டுப்பால் புரதம் அப்படியேதான் இருக்கிறது. ஆட்டுப்பால், எருமைப்பால் புரதங்களும் கிட்டத்தட்ட அதே ஜாதி. சோயா, ஆறு மாதத்துக்கு முன்னால் வேண்டாம். இவளுக்குத் தேவை, புரதத்தை முன்கூட்டியே சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்துவைத்த மாவு. அது கசக்கும், நாறும், முதலில் துப்புவாள், மலம் பச்சையாகப் போகும், பயப்படாமல் இரண்டு வாரம் பொறுங்கள் என்றார். எல்லாமே அவர் சொன்னபடி நடந்தது. மூன்றாம் நாள் ரத்தம் நின்றது. அழுகை குறைய இன்னும் சில வாரம் ஆனது.

அந்த டப்பாவின் விலையைச் சொல்ல வேண்டும். சாதாரண மாவைப்போல மூன்று மடங்குக்கும் மேல். 400 கிராம் டப்பா நான்கைந்து நாள்தான் வரும், ஆக மாதம் ஆறேழு டப்பா. தனியார் பள்ளியில் ஆசிரியையாக நான் வாங்கிய சம்பளம் முழுக்க அதற்குப் போதாது. அந்தச் சம்பளமும் அப்போது இல்லை. 2017 திருத்தத்துக்குப் பிறகு சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. எங்கள் பள்ளியில் அது வாய்வார்த்தைக்குக்கூட வரவில்லை. என் வளையல் இரண்டு கூட்டுறவு வங்கிக்குப் போயின.

டப்பாவால் ஒரு நல்லதும் நடந்தது. மார்பு இருக்கிறவள்தான் இரவில் எழுந்திருக்க வேண்டும் என்ற நியாயம் செல்லாமல் போனது. மாவும் வெந்நீரும் யார் கைக்கும் அடங்கும். இரவு இரண்டு மணிப் பால் உங்களுடையது என்று கணவரிடம் சொன்னேன். அவர் எழுந்தார். "ஆம்பளப் பிள்ள ராத்திரி எந்திச்சிப் பால் கலக்கணுமாக்கும்?" என்று அத்தை இரண்டு நாள் முனகினார். தெருவில் அவருக்குத் தங்கமான மனுசன் என்று பெயர் கிடைத்தது. மிச்சம் ஏழு வேளையும் பால் கரைத்த எனக்குக் கிடைத்த பெயர், பால் இல்லாதவள்.

நம் சினிமாவில் சண்டைக்குக் கூப்பிடுகிறவன் எதிராளியிடம் கேட்பான், தாய்ப்பால் குடித்தவன்தானா நீ என்று. இரண்டு ஆண்கள் மோதிக்கொள்ள, அங்கே இல்லாத இரண்டு அம்மாக்களின் மார்பு பந்தயம். ஒருநாள் சமையலறையில் டப்பாவை நான் உடைத்துக்கொண்டிருந்தபோது, அத்தை கீரையை ஆய்ந்தபடியே தலையைத் தூக்காமல் சொன்னார்: "உம் மாப்பிள்ளைக்கும் எங்கிட்டப் பால் கெடையாது. மாட்டுப்பால்ல தண்ணி ஊத்தி, எங்க அத்தைக்குத் தெரியாம, தொழுவத்துல வச்சு சங்குல குடுத்தேன். அவன் ராப்பகலா அழுதான். என்னத்தத் தின்னன்னு என்னையத்தான் கேட்டாங்க. நீ யார்ட்டயும் சொல்லிராத." முப்பத்தைந்து வருடம் அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். கூடத் தண்ணி ஊத்து என்று அவர் சொன்னது எங்கிருந்து வந்தது என்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தத் தண்ணீருக்கு ஒரு வரலாறு உண்டு. ஏழை நாடுகளில் பால் மாவு கம்பெனிகள் செய்த விற்பனையைப் பற்றி 1974இல் லண்டனிலிருந்து ஒரு சிறு வெளியீடு வந்தது. தூய தண்ணீரும் இல்லாமல், மாவு வாங்கப் பணமும் இல்லாமல், நீர்க்கக் கரைத்துக் கொடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களைப் பற்றியது அது. 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே பொருட்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் விற்பனை நெறிமுறையை ஏற்றது. நம் 1992 சட்டம் அதிலிருந்து வந்தது. அந்தப் போராட்டம் நடந்திராவிட்டால் பிரசவ வார்டில் இன்றைக்கும் இலவச டப்பாவோடு ஆள் நின்றிருப்பான்.

ஆனால் அந்த நெறிமுறையே இன்னொன்றும் சொல்கிறது: பால் மாவு தேவைப்படும் தாய்க்கு அதைக் கரைக்கும் முறையைச் சுகாதாரப் பணியாளர் செய்து காட்ட வேண்டும், தவறான பயன்பாட்டின் ஆபத்தையும் விளக்க வேண்டும். கம்பெனியின் வாயை அடைக்கச் சொன்ன சட்டத்தை, செவிலியரின் வாயையும் அடைப்பதாக நாம் புரிந்துகொண்டுவிட்டோம். நான் இருந்த ஆஸ்பத்திரியில் சுவர் முழுக்கத் தாய்ப்பால் படங்கள். மாவு கரைப்பது எப்படி என்று கேட்டால், குரலைத் தாழ்த்தி, "டப்பாவுல போட்டிருக்கும் பாருங்க" என்றார்கள். டப்பாவில் இருந்தது பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

எங்கள் தெருவில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவின் மகளுக்கு இங்கிலீஷ் வராது. பிரசவமான ஆறாவது வாரம் அவள் கடை வேலைக்குத் திரும்பினாள். சட்டத்தில் உள்ள பாலூட்டும் இடைவேளை இரண்டும் அவள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை வாசலைத் தாண்டியதில்லை. 2015இல் நம் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் வந்தன. அங்கே உட்கார அவளுக்கு நேரம் வேண்டுமே. ஒரு டப்பாவை இரண்டு வாரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அரை மணி நேரத்துக்குள், சூடு 70 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன் எடுக்க வேண்டும். மாவில் கிருமி இருக்கலாம், அந்தச் சூடு அதைக் கொல்லும். முதலில் தண்ணீர், பிறகு மாவு. பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லிக்கு ஒரு கரண்டி, தலைதட்டி. ஆறவைத்து, கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கரைத்த பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். புட்டியைவிடப் பாலாடையும் சங்கும் கழுவ எளிது.

மகளுக்கு மூன்றரை மாதம் ஆனபோது அழுகை அடங்கியது. புது டப்பாதான் காரணமா என்று மருத்துவரிடம் கேட்டேன். "டப்பா பாதி, வயசு பாதி" என்றார். நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழும் பிள்ளை என்று 1954லேயே வெஸ்ஸல் என்ற அமெரிக்க மருத்துவர் வரையறுத்துவைத்திருக்கிறார். பெரும்பாலும் ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்குமாம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையும் அப்படி அழும், டப்பாப் பால் குடிக்கும் பிள்ளையும் அழும்.

இதை முதல் வாரமே யாராவது என்னிடம் சொல்லியிருக்கலாம். அத்தையிடம் முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். என் நோட்டு இப்போது பாத்திரம் தேய்க்கும் அக்காவின் மகளிடம் இருக்கிறது. பின்பக்கங்களில் அவள் எழுதுகிறாள். மணி, மில்லி, அழுகை, நிறம். அம்மா என்ன தின்றாள் என்பதற்கு அதில் பத்தி இல்லை.