மலையடிவாரத்தில் நாயோடு

"காப்பி ஆய்த்தா?" என்பதுதான் மைசூரில் காலை விசாரிப்பு. சாமுண்டி மலையடிவாரத்தில் நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர்கள் மட்டும் அதோடு விடுவதில்லை. இன்று என்ன கண்ணில் பட்டது என்பது அடுத்த கேள்வி. மயில் என்றால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். கீரி என்றால் ஒரு தலையாட்டல். பாம்பு என்றால் எந்தத் தெரு, எந்தக் காலி மனை என்று துருவித் துருவிக் கேட்பார்கள். சிறுத்தை என்றால் மறுநாள் நடைக்கு வரும் கூட்டம் பாதியாகிவிடும். அந்த வாரம் முடிவதற்குள் பழையபடி சேர்ந்தும்விடும்.

நான் திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்து, வாக்கப்பட்டு இந்த ஊருக்கு வந்தவள். எங்கள் ஊரில் நாய் திண்ணையில் கிடக்கும். வேண்டும்போது போகும், வேண்டும்போது வரும். அதை ஒருவர் கயிற்றில் கட்டி உலாத்தக் கூட்டிப்போனால் வேலையற்றவர் என்பார்கள். லலிதாத்ரிபுரம் சாலையை ஒட்டிய லேஅவுட் ஒன்றில் வீடு அமைந்து, வாய்க்காலோரம் கிடந்த குட்டியைத் தூக்கி வந்து வளர்த்தபிறகு நானும் அந்த வேலையற்றவர்களில் ஒருத்தி ஆனேன். நிறத்தை வைத்து அவனுக்குச் செவலை என்று பெயர். கன்னடம் மட்டும் தெரிந்த அண்டை வீட்டுப் பிள்ளைகள் 'சேவ்லா' என்கிறார்கள். அதற்கும் வாலாட்டுகிறான்.

நாயோடு நடப்பதில் ஒரு வசதி உண்டு. நமக்குக் கண் மட்டும்தான்; அவனுக்கு மூக்கு. மயில் நின்றால் செவலை கயிற்றை இழுப்பான், அவ்வளவுதான். கீரி வேலிக்குள் நுழைந்துவிட்டால் பைத்தியம் பிடித்தவன் மாதிரி மண்ணைப் பறிப்பான். தென்னை மட்டைக்குள் மரநாய் ஒடுங்கியிருந்தால் அண்ணாந்து பார்த்து முனகுவான். பாம்பு என்றால் சட்டென்று நின்று, முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ப்பான். இதையெல்லாம் படிக்கத் தெரிந்தபின் டார்ச் விளக்கைவிட அவனைத்தான் நம்புகிறேன்.

சிறுத்தைக்கு என்ன செய்வான் என்பது வெகுநாள் தெரியாமல் இருந்தது. இரவெல்லாம் பெய்து ஓய்ந்த ஒரு ஐப்பசி விடியற்காலை. தெருவிளக்கு இன்னும் அணையவில்லை. லேஅவுட் முடிந்து மலைப்பக்கம் திரும்பும் இடத்தில் சின்னதாக ஒரு தரைப்பாலம். அங்கே வருவதற்குள் செவலை நின்றுவிட்டான். கழுத்திலிருந்து வால்வரை முதுகு மயிர் சிலிர்த்து நின்றது. வால் கால்களுக்கு இடையில். என் முழங்காலில் வந்து ஒட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டான். கேஸ் சிலிண்டர்காரரைப் பார்த்தால்கூடத் தெருவையே எழுப்புகிறவன், ஒரு சத்தம் போடவில்லை. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் யாரோ சாக்கைப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அந்தச் சாக்குக்கு ஒரு வால் தொங்கியது. நாங்கள் பின்வாங்கத் தொடங்கியதும் அது எழுந்து, அவசரம் இல்லாமல் இறங்கி, உண்ணிச்செடிப் புதருக்குள் போய்விட்டது. திரும்பி ஓடக்கூடாது, முதுகைக் காட்டக்கூடாது என்று எப்போதோ படித்தது கால்களுக்கு நினைவிருந்தது.

வெயில் ஏறியபிறகு போய்ப் பார்த்தோம். பாலத்தடிச் சேற்றில் தடம் தெளிவாக இருந்தது. நாயின் தடத்தில் நகம் பதியும். சிறுத்தை நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடப்பதால் பதியாது. பக்கத்திலேயே ஏதோ தெருநாயின் தடமும் இருந்ததால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. நந்தினி பால் பூத்துக்காரரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "நாயி இதெயல்லா அக்கா, சாக்கு" என்றார். நாய் மிஞ்சியதே, போதும் என்பது பொருள். எனக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. அந்தச் சிறுத்தைக்கு வேண்டியிருந்தது செவலை.

இது பால் பூத்து ஞானம் மட்டும் இல்லை. மகாராஷ்டிரத்தில் அகோலே வட்டாரம் கரும்பும் சோளமும் விளையும் பூமி. அங்கே காட்டுயிர் ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா குழுவினர் சிறுத்தைகளின் எச்சத்தைச் சேகரித்து ஆராய்ந்து 2014ல் முடிவை வெளியிட்டார்கள். எடைக் கணக்கில் அவை தின்றதில் 39 சதவீதம் நாய். ஆட்டையும் மாட்டையும்விட நாய்தான் அதிகம். காட்டு மிருகங்களின் பங்கு சொற்பம். மைசூர், மண்டியா மாவட்டங்களும் இதே வகைதான். கண்ணம்பாடி அணை கட்டி, கால்வாய் வெட்டி, கரும்பு நட்டோம். மான் இல்லாவிட்டால் என்ன, ஒளிய இடமும் தின்ன நாயும் கிடைக்கிறதே என்று சிறுத்தை வந்து குடியேறிவிட்டது. கரும்பு வெட்டப் போகிறவர்கள் தோகைக்குள் குட்டிகளைப் பார்ப்பது இங்கே அடிக்கடி வரும் செய்தி. தாய் திரும்பி வந்து எடுத்துப்போகட்டும் என்று வனத்துறையினர் குட்டிகளை அதே இடத்தில் வைத்துவிட்டு விலகி நிற்பார்கள்.

2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 13,874 சிறுத்தைகள்; கர்நாடகத்தில் 1,879, தமிழ்நாட்டில் 1,070. அந்தக் கணக்கு பெரும்பாலும் காடுகளில் எடுத்தது. கரும்புக்காட்டுச் சிறுத்தையும் எங்கள் தரைப்பாலத்துச் சிறுத்தையும் அதில் சேர்த்தி இல்லை. காடே இல்லாத மயிலாடுதுறையில் 2024 ஏப்ரலில் ஒரு சிறுத்தை வந்து ஊரையே கதவடைக்க வைத்தது தமிழ்நாட்டு வாசகர்களுக்கு மறந்திருக்காது. அங்கே அது பெரிய அதிசயம். மைசூரில் அது வருஷாந்திரம்.

2022 நவம்பரில் பிருந்தாவன் தோட்டத்தில் சிறுத்தை தென்பட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கதவை மூடினார்கள். 2024 டிசம்பர் 31 அன்று ஹெப்பாள் இன்ஃபோசிஸ் வளாகத்துக் கேமராவில் ஒன்று நடந்து போனது பதிவானது. ஆயிரக்கணக்கானவர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டு, ட்ரோனும் கூண்டுமாகப் பல நாள் தேடினார்கள். அகப்படவில்லை. வளாகத்தை ஒட்டி ஒதுக்குக் காடு இருக்கிறது. வந்த வழியே போயிருக்கும். இந்த ஊரில் யாதவகிரியில் வீடு கட்டிக்கொண்டு, தினமும் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடந்த ஆர்.கே.நாராயண், 1983லேயே ஒரு புலியைப் பள்ளித் தலைமையாசிரியர் அறைக்குள் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார். 'எ டைகர் ஃபார் மால்குடி' நாவலைக் கற்பனை என்று படித்தவர்கள் மைசூரில் கொஞ்ச நாள் இருந்து பார்க்கலாம்.

   

வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டே போகலாம்தான். ஆனால் மைசூர் மாவட்டத்துத் தி.நரசிப்புரா வட்டத்தில் 2022 அக்டோபரிலிருந்து 2023 ஜனவரிக்குள் நான்கு பேரைச் சிறுத்தை கொன்றது. அவர்களில் ஒரு சிறுவனும் உண்டு. மைசூரில் சிறுத்தைக்கென்றே தனி அதிரடிப்படை அமைந்தது அதற்குப் பிறகுதான். அந்தக் கிராமங்களில் போய் "இயற்கையோடு இயைந்து வாழுங்கள்" என்று பேச எனக்கு வாய் வராது. கான்கிரீட் வீடும் தெருவிளக்கும் உள்ளவள் சொல்லும் புத்திமதி அது. வயலில் குனிந்து வேலை செய்கிறவளுக்கும், வீட்டுக்குப் பின்னால் ஒதுங்கப் போகிறவளுக்கும் பயம் வேறு.

இருந்தாலும் 'கூண்டு வை, பிடித்துக் காட்டில் விடு' என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறை எழும் கூச்சலில் எனக்கு ஒப்புதல் கிடையாது. கூண்டுக்குள் இரையாகக் கட்டுவது பல சமயம் ஒரு நாயைத்தான் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பிடித்து விட்டால் என்ன ஆகும் என்பது ஏற்கெனவே செய்து பார்த்த விஷயம். புனே மாவட்டத்து ஜுன்னாரில் ஊருக்குள்ளிருந்து சிறுத்தைகளைப் பிடித்து வெகுதூரத்துக் காடுகளில் விட்டார்கள். அதற்கு முன் அந்தப் பகுதியில் ஆண்டுக்குச் சராசரி 4 பேர் தாக்கப்பட்டார்கள் என்றால், 2001க்குப் பின் அது 17 ஆனது. ஓர் இடத்தில் காலூன்றிய சிறுத்தைக்கு எந்த வீட்டில் எப்போது விளக்கு அணையும் என்பதுவரை தெரியும். மனிதர் கண்ணில் படாமல் காலம் தள்ளும். அதைத் தூக்கிவிட்டால் காலியான இடத்துக்கு வேறொன்று வரும். தூக்கிப்போன இடத்தில் அதற்குத் திக்குத் தெரியாது. இரண்டு ஊருக்கும் தொல்லை.

கூண்டு கேட்பவர்கள் ரிங் ரோடு ஓரத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். கறிக்கடைக் கழிவு, கல்யாண மண்டப இலை, உடைத்த வீட்டு இடிபாடு எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கேதான் கொட்டப்படுகின்றன. மூட்டையைத் தேடி நாய், நாயைத் தேடி சிறுத்தை. மலைக்கு வேலி போடவேண்டும் என்று மனு எழுதிய அன்று மாலையே கோழிக் கழிவைக் காலி மனையில் வீசிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிறுத்தைக்கு இத்தனை பேச்சு. எங்கள் தெருவில் நாயைப் பறிகொடுத்த வீடுகளில் காரணம் பாம்பு. நாய் பாம்பைக் கண்டால் மூக்கைத்தான் முதலில் நீட்டுகிறது. கடியும் மூக்கிலோ முன்னங்காலிலோதான் விழுகிறது. நல்ல பாம்பு படமெடுத்து எச்சரிக்கும், சாரை ஓடிவிடும். கண்ணாடி விரியன் இருக்கிறதே, அது நகராது. சருகுக்குள் சுருண்டு கிடந்து, குக்கர் விசிலடிக்கும் முன் சீறுமே, அப்படிச் சீறும். அந்தச் சத்தம் கேட்டால் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு பின்னால் வந்துவிட வேண்டும். கடி விழுந்துவிட்டால் நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். கட்டுப்போடுவது, கீறுவது, மஞ்சள் பூசுவது எல்லாம் நேரக்கேடு. மனிதருக்குப் போடும் மருந்தேதான் நாய்க்கும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் அது ஒன்றே. அதற்கான விஷத்தில் பெரும்பங்கு 1978ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியிலிருந்து போகிறது. மைசூரில் ஒரு நாய் பிழைத்தால் அதில் தமிழ்நாட்டு இருளர் கைக்கும் பங்கு உண்டு.

பாம்பைப் பிடிக்க மைசூருக்கு ஒரு பெயர் உண்டு: ஸ்நேக் ஷ்யாம். எம்.எஸ்.பாலசுப்ரமண்யா என்ற இயற்பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது. கழுத்தில் மணி, விரலெல்லாம் மோதிரம், பாம்புப் படம் வரைந்த வண்டி. பிடித்ததைக் கொல்லாமல் காட்டில் விடுகிறவர் என்பதற்காகவே அவரை மாநகராட்சி உறுப்பினராகவும் ஆக்கியது இந்த ஊர். பாம்பைக் கண்டதும் கம்பைத் தேடும் பழக்கம் மைசூரில் குறைந்ததற்கு அவரைப்போன்றவர்களே காரணம் என்பேன்.

இதுவரை நாய்க்கு என்ன ஆகும் என்றே பேசினேன். நாயால் ஆவதும் இருக்கிறது. கயிறில்லாமல் விட்ட நாய் மயில் குஞ்சைக் கவ்வுகிறது, முயலைத் துரத்துகிறது. 2018ல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தபோது சோதித்துக் கண்டது டிஸ்டெம்பர் வைரஸ். நாய்களுக்குச் சர்வசாதாரணமாக வரும் நோய் அது. மலையடிவாரத்தில் நாய் வளர்க்கிறவர் வருடாந்திரத் தடுப்பூசியைத் தள்ளிப்போட்டால் ஆபத்து அவர் நாயோடு முடியாது.

ஆகவே மலையோரத்து நாய்க்காரர்களுக்குச் சில சொல்: நன்றாக வெளிச்சம் வந்தபின் கிளம்புங்கள். இருட்டுமுன் திரும்பிவிடுங்கள். இஷ்டத்துக்கு நீளும் கயிற்றை நகரத்துப் பூங்காவுக்கு வைத்துக்கொண்டு, இங்கே ஆறடிக் கயிறு பிடியுங்கள். நாய் மறுத்து நின்றால் இழுக்காதீர்கள், திரும்பி நடங்கள். இரவில் காவலுக்கு என்று அதைப் போர்ட்டிகோவில் சங்கிலி போட்டு வைக்காதீர்கள். கட்டிய நாயால் தப்பி ஓடவும் முடியாது. உள்ளே படுக்க வையுங்கள். சிறுத்தையைக் கண்டால் படம் பிடித்துக் குழுவில் போடுவதற்கு முன் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கர்நாடகத்தில் அதற்கான எண் 1926.