அளவுச் சாப்பாடு

எங்கள் ஊர் ஹோட்டல் வாசல்களில் இரண்டு பலகைகள் தொங்கும். ஒன்றில் ‘முழுச் சாப்பாடு’ என்றிருக்கும்; மற்றதில் ‘அளவுச் சாப்பாடு’. சிறு வயதில் அப்பாவோடு அருப்புக்கோட்டைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு வாய்த்தது இரண்டாவதுதான். அதற்காக அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் அளவில்லாமல் கிடைத்தது வெயில் ஒன்றுதான். தண்ணீருக்குக் குடக் கணக்கு. அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்கு. குளித்த தண்ணீர் முருங்கைக்கு. செம்பிலிருந்து ஒரு வாய் கீழே சிந்தினால் போதும், “கொட்டுனா அள்ள முடியுமாடா?” என்று அப்பத்தாவின் குரல் திண்ணையிலிருந்து வந்துவிடும்.

அப்படி வளர்ந்தவன் போன பொங்கல் விடுமுறையில் இலங்கைக்குப் போய், பெந்தோட்டைக் கடற்கரை விடுதி ஒன்றில் மூன்று இரவு தங்கினேன் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். நாவல் ஒன்றுக்குக் கொஞ்சம் பணம் வந்திருந்தது. கடலைக் காட்டு என்று குழந்தைகள் வெகுநாளாக நச்சரித்து வந்தார்கள். பெண்ணுக்கு ஏழு வயது, பையனுக்கு நாலு. அருப்புக்கோட்டை ரோட்டிலேயே மதுரை விமான நிலையம் இருக்கிறது. அங்கே ஏறினால் கொழும்புக்குச் சுமார் ஒரு மணி நேரம். வானத்தில் போன நேரத்தைவிட, கட்டுநாயக்காவில் இறங்கித் தெற்கே ரோட்டில் போன நேரம்தான் அதிகம்.

அந்த விடுதியில் ‘ஆல் இன்க்ளூசிவ்’ என்று ஓர் ஏற்பாடு. ஒரே விலை; அறை, மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் தின்பது, குடிப்பது எல்லாம் அதில் அடக்கம். வாசலிலேயே மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டிவிடுகிறார்கள். அப்புறம் பில் என்ற பேச்சே கிடையாது. “சின்னப் பிள்ளைகளை வச்சுக்கிட்டு, இது எவ்வளவு, அது எவ்வளவுன்னு மெனு அட்டையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது ஒண்ணே போதும்” என்றாள் மனைவி. வாஸ்தவந்தான்.

இந்த ஏற்பாட்டின் பிறப்பும் வேடிக்கையானது. 1950இல் ஜெரார் பிளிட்ஸ் என்ற பெல்ஜியக்காரர் மயோர்க்கா தீவின் கடற்கரையில் கூடாரங்களை நட்டு, ‘கிளப் மெடிட்டரானே’ என்ற பெயரில் ஒரே கட்டணத்தில் தங்க இடமும் சாப்பாடும் கொடுக்க ஆரம்பித்தார். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஐந்தே வருஷம். பிரான்சில் பங்கீட்டு முறை 1949 வரை இருந்தது. ரொட்டியை அளந்து வாங்கித் தின்றவர்களுக்குத்தானே ‘வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்’ என்ற வார்த்தையின் ருசி தெரியும்!

எனக்கும் தெரிந்தது. வீட்டில் மூன்று இட்லியோடு எழுந்துவிடுகிற நான், முதல் நாள் காலையில் அப்பமும் சம்பலுமாக ஆரம்பித்துப் பழத்தட்டு வரையில் ஒன்றையும் விடவில்லை. பசியினால் அல்ல, கொடுத்த பணத்தை வயிற்றின் வழியாகத் திரும்பப் பெற வேண்டும் என்ற கணக்கு. பெண் குளியல் தொட்டியை மூன்று தரம் நிரப்பி மூன்று தரம் திறந்துவிட்டாள். தண்ணீர் சுழித்துக்கொண்டு போகும் சத்தம் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இருந்தாலும் பேசாமல் இருந்தேன்.

இரண்டாம் நாள் இரவு பேசாமல் இருக்க முடியவில்லை. பையன் தட்டில் கேக், நூடுல்ஸ், அன்னாசி, பொரித்த மீன் என்று மலையாகக் குவித்துக்கொண்டு வந்தான். ஒவ்வொன்றிலும் ஒரு கடி. “போதும்ப்பா” என்று எழுந்தான். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். “ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது” என்றேன். சுற்றிலும் ஜனங்கள் பார்த்தார்கள். அவன் அழுதுகொண்டே விழுங்கினான். கடைசியில் மேஜையின் மேலேயே எல்லாவற்றையும் கக்கிவிட்டான்.

மனைவி அவன் முகத்தைத் துடைத்தாள். “உங்க அப்பத்தா பட்ட பஞ்சத்தை நாலு வயசுப் பிள்ளை தலையிலே கட்டாதீங்க” என்றாள், குரலை உயர்த்தாமல்.

துடைக்கத் துணியோடு வந்த பணியாளர், “விடுங்க சார், சின்னப் புள்ளதானே” என்றார் தமிழில். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரராம். மறுநாள் மாலை தோட்டத்தில் அவரைப் பார்த்தபோது மன்னிப்புக் கேட்பதுபோல் பேச்சுக் கொடுத்தேன். அவருடைய முன்னோர் ராமநாதபுரம் சீமையிலிருந்து வந்தவர்கள். “ஊர்ப் பேரு தெரியாது சார். கம்மாயும் கருவேல மரமும் இருக்கும்னு பாட்டி சொல்லும்” என்றார். எங்கள் பகுதியும் 1985 வரை ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்ததுதான். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் இப்படிக் கடல் தாண்டிய குடும்பங்கள் எத்தனையோ. 1948இல் வந்த பிரஜா உரிமைச் சட்டம் அந்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக ஆக்கியது.

“இப்ப அங்கே எப்படி?” என்றேன்.

“மலையில தண்ணிக்குப் பஞ்சமில்ல சார். மத்ததெல்லாம் அளவுதான்.”

அவருக்கும் நாலு வயதில் ஒரு பெண். மாதம் ஒரு தரம் போய்ப் பார்க்கிறார். அந்தக் குழந்தை இன்னும் கடலைப் பார்த்ததில்லையாம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பையன் தட்டைக் குவித்தது யாரைப் பார்த்து? “காசு கொடுத்தாச்சு, எல்லாத்தையும் எடுத்துக்கோ” என்று முதல் நாள் சொன்னது யார்? குறையாமல் கிடைக்கிற இடத்தில் குவித்து வைக்க அவசியமே இல்லை. தீர்ந்துவிடும் என்று பயப்படுகிறவன்தான் குவிக்கிறான். அவனுக்கு அந்தப் பயம் கிடையாது. அது என்னுடையது. என் கையால் அவன் தட்டில் வைத்துவிட்டு, தின்னவில்லையே என்று அவனை அதட்டியிருக்கிறேன்.

புறப்படுகிற அன்று காலையில் மனைவி இருவருக்கும் சின்னத் தட்டுகளைக் கொடுத்தாள். “கொஞ்சமா எடுத்துக்கோங்க. வேணும்னா மறுபடி போகலாம்” என்றாள். அவ்வளவுதான். இந்த வார்த்தை எனக்குத் தோன்றவில்லையே!

ஊருக்குத் திரும்பும் வழியில் அருப்புக்கோட்டையில் சாப்பிட உட்கார்ந்தோம். மணிக்கட்டுப் பட்டையைக் கழற்ற மாட்டேன் என்று பையன் ஒரே பிடிவாதம். பரிமாறுகிறவர் வந்ததும் அவன் கையை நீட்டி அதைக் காட்டினான்.

“எந்தக் கோயில் கயிறு தம்பி?” என்று சிரித்தார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, “முழுச் சாப்பாடா அண்ணாச்சி, அளவா?” என்றார்.

அளவுதான் சொன்னேன். சாப்பிட்டு முடித்துப் பையன் எழுந்தபோது, இலையின் ஓரத்தில் ஒரு பிடிச் சோறு மிச்சம் இருந்தது. நான் பார்க்காததுபோல் கை கழுவப் போனேன்.